வரகுக்கோழியும் கண்ணபிரானின் லென்ஸும்

அன்று காலை கண்மாய்க் கரையில் இருந்தவர்கள் ஆறு பேர். கோவில்பட்டியில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் அல்லாபிச்சையாகிய நான். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் தங்கை நபீசா. தீப்பெட்டித் தொழிற்சாலை முதலாளியும் எங்கள் ஊர்ப் பறவைக் குழுவின் தலைவருமான கண்ணபிரான். கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிற செல்வமாரி, அவள்தான் குழுவின் செயலாளர். ரயில்வேயில் கார்டாக இருந்த பாண்டியராஜன். ஜவுளிக்கடை மணிராஜ். தானும் அங்கே நின்றதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் இப்போது பதினைந்து பேராவது தேறுவார்கள். நின்றவர்கள் ஆறு பேர்தான். பெயரைச் சொல்லி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. என் குடும்பத்தை யார் முன்னால் குறைத்துப் பேசினார்களோ, அவர்கள் முன்னால்தான் அதைத் திருப்பி வாங்க வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

எனக்குப் பறவைகளைத் தெரியாது. பறவைகளைப் பார்க்கிற கருவிகளைத் தெரியும். எங்கள் அத்தா காலத்திலிருந்து கடையில் மூக்குக் கண்ணாடியோடு பைனாகுலர், கேமரா, சர்வேயர்களின் அளவுக் கருவி, கல்லூரி மைக்ராஸ்கோப் எல்லாம் பழுது பார்க்கிறோம். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை குழுவினர் கழுகுமலை ரோட்டில் உள்ள கண்மாய்க்குக் கணக்கெடுக்கப் போனார்கள். நபீசாவுக்குத் துணையாக நானும் வேனில் போனேன்.

போய்ச் சேரும்போது மணி ஆறரை. கண்மாயில் தண்ணீர் பாதிக்கு இருந்தது. செல்வமாரியும் மணிராஜும் பாண்டியராஜனும் கரையில் நின்று வாத்துகளை எண்ணினார்கள். கண்ணபிரான் துப்பாக்கி மாதிரி நீளமான லென்ஸ் மாட்டிய கேமராவைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேற்குப் பக்கம் தனியாகப் போனார். நபீசா கிழக்கே மல்லிக்காட்டு வரப்பில் நடந்தாள். எனக்கு முட்டுவலி. வேனில் உட்கார்ந்திருந்தேன். கொத்தமல்லி பூத்திருந்த வாசம் அங்கே வரைக்கும் வந்தது.

ஒன்பது மணிக்கு எல்லோரும் வேனுக்குத் திரும்பி இட்லித் தூக்கைத் திறந்தார்கள். சாப்பிட்டபடியே ஒவ்வொருவராகப் பறவைப் பெயரையும் எண்ணிக்கையையும் சொல்ல, செல்வமாரி போனில் ஏற்றினாள். சந்தேகமான பறவை என்றால் தலைவர் கேள்வி கேட்பார். அவர் ஒப்புக்கொண்டால்தான் பட்டியலில் நிற்கும். அது அந்தக் குழுவின் வழக்கம்.

நபீசா தன் நோட்டைப் பிரித்து, "வரகுக்கோழி, ஒண்ணு. ஏழு அஞ்சு. மல்லிக்காட்டுல இருந்து தரிசுக்கு இறங்கி நடந்துச்சு" என்றாள்.

செல்வமாரி இட்லியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "நெசமாவா டீச்சர்?"

"பத்து நிமிஷம் பார்த்தேன்."

இந்தப் பக்கத்தில் அந்தப் பறவையைப் பார்த்து வெகு காலமாகிவிட்டதாம். பார்த்தவர் பெயர் புத்தகத்தில் ஏறுமாம். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் நான் பார்த்தது கண்ணபிரான் முகத்தை. அவர் வியக்கவில்லை. கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அது கவுதாரி டீச்சர்" என்றார். "அடிச்சிரு செல்வமாரி."

"கவுதாரிக்கு அம்புட்டு உயரமா காலு இருக்குமா? கழுத்தும் நீளம். நான் கவுதாரி பார்க்காதவளா?"

"கண்ணாடியில பூஞ்சை புடிச்சிருந்தா காலு நீளமாத்தான் தெரியும். பாய் கடைக் கண்ணாடிதான? அதுல வரகுக்கோழி என்ன, ஒட்டகமே தெரியும்."

மணிராஜ் சிரித்தான். பாண்டியராஜனும் சிரித்தார். கண்ணபிரான் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "பேரு வரணும்ங்கிற ஆசை யாருக்கும் இருக்கத்தான் செய்யும். அதுக்காக இல்லாததை இருக்குன்னு சொல்லலாமா? நீங்க பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துனவிய" என்றார்.

செல்வமாரி அடித்துவிட்டாள். நபீசா நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். கையில் ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய பைனாகுலரைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன். பூஞ்சை இருந்திருந்தால் நானே கண்ணபிரான் வீட்டுக்குப் போய் ஒப்புக்கொண்டிருப்பேன். ஒரு பொட்டுக்கூட இல்லை. இரண்டு குழாயிலும் பார்வை ஒரே புள்ளியில் சேர்ந்தது. ஆகவே கண்ணபிரான் சொன்னதில் இரண்டு பொய். என் தங்கை மேல் ஒன்று, என் கடை மேல் ஒன்று.

அதோடு முடிந்திருந்தால் ஒருவேளை நான் விட்டிருப்பேன். முடியவில்லை. சங்கரன்கோவிலில் ஒரு நிக்காஹ். பந்தியில் நபீசா உட்கார்ந்திருக்க, அவளிடம் படித்த ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம், "வரகுக்கோழி டீச்சர் வந்திருக்காவ பாரு" என்றாள். பக்கத்தில் நாலு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். என் மருமகள் வந்து சொன்னாள். முப்பத்தைந்து வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் நபீசா டீச்சர் என்றால் நிமிர்ந்து நிற்பார்கள். அவளுக்கு இப்போது ஒரு கோழியின் பெயரை வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் பைனாகுலரை எடுக்கவில்லை. ஞாயிறு காலைகளில் வீட்டில் உட்கார்ந்து உளுந்து புடைத்தாள்.

பிப்ரவரி நடுவில் மதுரை பஸ்ஸில் எனக்கு ஒரு பார்சல் வந்தது. மதுரையில் கேமராக் கடை வைத்திருக்கும் யாசின் அனுப்பியது. அவனுக்கு முடியாத லென்ஸ் வேலை எல்லாம் முப்பது வருஷமாக எனக்குத்தான் வரும். மதுரை வாடிக்கையாளர்களுக்கு அது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பெட்டியைத் திறந்தால், நீள லென்ஸ் மாட்டிய கேமரா. சீட்டில் கண்ணபிரான், கோவில்பட்டி என்று எழுதியிருந்தது.

என் கடைப் படியில் ஏறக் கூடாது என்று தொண்ணூறு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அது அடுத்த பஸ்ஸிலேயே என் மேஜைக்கு வந்துவிட்டது.

கோளாறு சின்னது. கரிசல் தடத்தில் ஜீப் குலுக்கியதில் உள்ளே ஒரு திருகு இளகி, ஒரு வில்லை இம்மி நகர்ந்திருந்தது. அதனால் ஃபோகஸ், குறி வைத்த பொருளைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்தது. முன்னால் நிற்பது மங்கும், பின்னால் நிற்பது பளிச்சென்று இருக்கும்.

அந்தத் திருகைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. கால் சுற்று குறைத்து முடுக்கினால் போதும். கடையில் நன்றாக வேலை செய்யும். பத்து நாள் ஜீப்பில் குலுங்கியதும் மறுபடி நகரும். யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அப்படிச் செய்தால் பாய் கடைக் கண்ணாடி என்று அவர் சொன்ன சொல்லை நானே உண்மையாக்கியதாகிவிடும். முழுச் சுற்றும் முடுக்கினேன். நான்கு நாள் எடுத்துக்கொண்டு, என் கையில் இதுவரை எந்த லென்ஸுக்கும் பார்க்காத அளவு சுத்தமாகப் பார்த்தேன். அவர் பொருளில் நான் ஒரு குறை வைத்தேன் என்று எந்தக் காலத்திலும் யாரும் சொல்லக் கூடாது.

எங்கள் கடையில் கேமரா வேலைக்கு ஒரு முறை உண்டு. வாடிக்கையாளர் கடைசியாக எடுத்த படம் ஒன்று, பழுது பார்த்த பிறகு நான் எடுக்கும் படம் ஒன்று, இரண்டையும் ஒப்பிடுவேன். பொருளை ஒப்படைக்கும்போது அவருக்கும் கடை டிவியில் அந்த இரண்டையும் காட்டுவேன். வேறு படத்தைத் தொட மாட்டேன். கார்டை வெளியே எடுக்க மாட்டேன். யாராக இருந்தாலும் இதுதான் முறை. பொதுவாக யாசின் கார்டை எடுத்துவிட்டு அனுப்புவான். இந்தத் தடவை மறந்திருந்தான்.

எதிர்க் கடையின் பெயர்ப் பலகையை எடுத்தேன். பலகையின் மூலையில் பெயிண்டர் போட்ட பொடிக் கையெழுத்து வரை தெளிவாக விழுந்தது. பிறகு கண்ணபிரானின் கடைசிப் படத்துக்குத் தள்ளினேன்.

தரிசு நிலம். நடுவில் கொஞ்சம் மங்கலாக ஒரு பறவை, ஒரு காலைத் தூக்கி நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், மல்லிக்காட்டு வரப்பில், ஊசி குத்தினால் ரத்தம் வருகிற தெளிவில் என் தங்கை நபீசா. தலையில் வெள்ளை முக்காடு, கண்ணில் பைனாகுலர், அந்தப் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொங்கல் கழிந்த ஞாயிறு, காலை ஏழு பன்னிரண்டு.

மேற்கே போனவர் கரையைச் சுற்றிக் கிழக்கே வந்திருக்கிறார். அவரும் பார்த்திருக்கிறார். அவள் பார்ப்பதையும் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, அடிச்சிரு என்று சொல்லியிருக்கிறார்.

யாசினுக்குப் போன் செய்தேன். "இந்தக் கேமராக்காரர் எங்க ஊர்க்காரர்தான். நானே நேரில ஒப்படைச்சிருதேன்."

"அண்ணே, வேண்டாம். மதுரையிலயே பார்க்கணும்னு சொல்லித்தான் குடுத்தாரு. உங்ககிட்ட வந்தது தெரிஞ்சா என்னை ஏசுவாரு."

"தெரியட்டும். ஏசுனா எங்கிட்ட அனுப்பு."

நபீசாவிடம் சொல்லவில்லை. செல்வமாரிக்குப் போன் செய்து, குழுவினரின் பைனாகுலர்கள் எல்லாவற்றையும் வருகிற ஞாயிறு பத்து மணிக்குச் சும்மா துடைத்துத் தருகிறேன், எல்லோரும் கொண்டுவரட்டும் என்றேன். அவளுக்குச் சந்தோஷம். அன்றைக்குப் பட்டியலிலிருந்து அடித்ததில் அவளுக்கு உறுத்தல் இருந்தது என்று குரலில் தெரிந்தது. அதை நான் கண்டுகொள்ளவில்லை. பிறகு கண்ணபிரானைக் கூப்பிட்டேன்.

"உங்க லென்ஸ் இங்கனதான் இருக்கு. மதுரையில இருந்து எனக்கு வந்துது. ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு வந்து பார்த்து வாங்கிக்கிடுங்க."

"டிரைவரை அனுப்புதேன் பாய்."

"உடமைக்காரர் பார்க்காம குடுக்க மாட்டேன்."

அவருக்கு வேறு வழியில்லை. அடுத்த வாரம் மதுரையில் பறவை ஆர்வலர்களின் கூட்டம், அவர் அதில் பேசுகிறார். அதற்கு முன்னால் கேமரா வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் செல்வமாரியும் பாண்டியராஜனும் மணிராஜும் வந்துவிட்டார்கள். நபீசா வர மறுத்தாள். கடைக்குத் துடைக்க ஆள் இல்லை, நீ வந்து உதவி செய் என்று கூட்டி வந்து, முன் நாற்காலியில் உட்கார வைத்தேன். மணிராஜ் அவளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு, "டீச்சர், சௌக்கியமா?" என்றான். "இருக்கேன்" என்றாள்.

கண்ணபிரான் பத்தே முக்காலுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் கார் சாவி. கூட்டத்தைப் பார்த்ததும் வாசலில் ஒரு நொடி நின்றார்.

"கார்டு உள்ள இருந்துச்சா பாய்?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"இருந்துது. எடுக்கல. அப்படியே இருக்கு."

"கேமராவைக் குடுங்க. அவசரமாப் போணும்."

"போட்டுக் காட்டிட்டுத்தான் குடுப்பேன். இந்தக் கடை வழக்கம்."

"எனக்கு வேண்டாம். நம்பிக்கை இருக்கு."

"பூஞ்சை புடிச்ச கடைலா. நம்பலாமா?"

யாரோ துடைத்துக்கொண்டிருந்த பைனாகுலரை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. மணிராஜ் ஒன்றும் புரியாமல், "பாருங்க அண்ணாச்சி, ரெண்டு நிமிஷந்தான். என் கேமராவையும் இப்படித்தான் காட்டுனாவ" என்றான். கண்ணபிரான் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான்.

முதலில் என் படத்தைப் போட்டேன். பெயிண்டர் கையெழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பாண்டியராஜன், "அடேயப்பா" என்றார். "இது வேலைக்கு அப்புறம். வேலைக்கு முன்னால எப்படி இருந்துச்சுன்னு பார்த்துக்கிடுங்க" என்று சொல்லி அடுத்ததைத் தள்ளினேன்.



பாண்டியராஜன்தான் முதலில் பேசினார். "இது நம்ம டீச்சர்லா?"

செல்வமாரி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். தேதியையும் மணியையும் வாய்விட்டு வாசித்தாள். அவள் குரல் பாதியில் மெலிந்தது.

"முன்னால நிக்கது என்னது?" என்றான் மணிராஜ்.

"கவுதாரி" என்றார் கண்ணபிரான். "படத்தை அணைங்க பாய்."

"ஃபோகஸ் காட்டி முடிக்கலையே." நான் பறவையைப் பெரிதாக்கினேன். மங்கலாக இருந்தாலும் காலின் நீளமும் கழுத்தின் நீளமும் எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு படத்தை நகர்த்தி என் தங்கையைப் பெரிதாக்கினேன். அவள் பைனாகுலரின் முன் கண்ணாடியில் வானம் தெரிந்தது. "இதுதான் கோளாறு. முன்னால உள்ளதை விட்டுட்டு, பின்னால நின்னவியளைத் தெளிவா எடுத்திருக்கு. அவிய நின்னது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

நபீசா அதுவரை டிவியைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். இப்போது செல்வமாரி பக்கம் திரும்பி, வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"கவுதாரின்னே இருக்கட்டும் செல்வமாரி. சார் சொல்லிட்டாருல்லா. மதுரைக் கூட்டத்துலயும் கவுதாரியைப் பத்தியே பேசட்டும்."

செல்வமாரி கண்ணபிரானைப் பார்த்தாள். "மதுரைக்கு நீங்க குடுத்த தலைப்பு, 'கரிசலுக்கு வந்த அபூர்வ விருந்தாளி'. எந்த விருந்தாளின்னு நான் கேட்டப்போ, வந்து பாருன்னு சொன்னீய சார். இதானா?"

அதற்குப் பிறகு அவருக்குப் போக இடமில்லை. கவுதாரி என்றால் மதுரையில் பேச ஒன்றுமில்லை. வரகுக்கோழி என்றால் அவருக்கு முன்பே பைனாகுலரோடு நின்றவள் படத்திலேயே இருக்கிறாள். கார் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"தெளிவா ஒரு படம் எடுத்துட்டு எல்லாருக்கும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். "மூணு நாள் போனேன். அது திரும்ப வரல."

"என்னது வரல?" என்றேன்.

"அந்தப் பறவை."

"அதுக்குப் பேரு இல்லையா?"

"வரகுக்கோழி" என்றார் தணிந்த குரலில்.

"ரோட்டுச் சத்தத்துல கேக்கல."

"போதும் அண்ணே" என்றாள் நபீசா. நான் கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "வரகுக்கோழி. டீச்சர் பார்த்தது வரகுக்கோழி" என்றார். அவர் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்றுதான் பார்த்தேன்.

செல்வமாரி அங்கேயே போனை எடுத்து, அடித்ததைத் திரும்பச் சேர்த்தாள். பார்த்தவர் நபீசா, காலை ஏழு ஐந்து. "படம் யார் எடுத்ததுன்னு போடணுமே, என்ன செய்ய டீச்சர்?" என்று கேட்டாள்.

"எடுத்தவிய பேரைப் போடு. அவர்தான் எடுத்தாரு" என்றாள் நபீசா.

நான் போட்டிருக்க மாட்டேன். ஆனால் பறவை அவளுடையது.

ரசீதில் வழக்கம்போல் கோளாறு என்ன, என்ன செய்தோம் என்று எழுதினேன். மற்றவர்கள் காதில் விழும்படி வாசித்துவிட்டு, கேமராவோடு சேர்த்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கினார். கார் கதவு சாத்திய சத்தத்துக்குப் பிறகுதான் பாண்டியராஜன் எழுந்து நபீசா முன்னால் வந்து, "அன்னைக்குச் சிரிச்சது தப்பு டீச்சர்" என்றார். மணிராஜும் எழுந்து நின்றான். அவள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னாள்.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் அவள் என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"புதன்கிழமை."

"நாலு நாளா எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கீய."

"சொன்னா நீ அவர் வீட்டுக்குப் போய்த் தனியாப் பேசி முடிச்சிருப்ப."

"ஆமா."

"அதான் சொல்லல."

"நீங்க எனக்காகச் செய்யல அண்ணே."

"உனக்காகவும் செஞ்சேன். கடைக்காகவும் செஞ்சேன். அத்தாவுக்காகவும் செஞ்சேன். எதுக்கு எவ்வளவுன்னு நான் பிரிச்சுப் பார்க்கல."

அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்குச் செல்வமாரியின் ஸ்கூட்டரில் ஏறிப் போனாள். கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. வரகுக்கோழி டீச்சர் என்று இப்போதும் சிலர் சொல்கிறார்கள். ஆனால் இப்போது சொல்லும்போது எழுந்து நிற்கிறார்கள்.

கண்ணபிரான் மதுரையில் பேசவில்லை. குழுவின் தலைமையைச் செல்வமாரியிடம் விட்டுவிட்டார். என்னைக் கண்டால் மார்க்கெட் ரோட்டில் எதிர்ப் பக்கம் போகிறார். போகட்டும்.

கண்ணபிரான் கடம்பூர் போளி கொடுத்தனுப்பியதாகவும், நான் அதை வாங்கிக்கொண்டதாகவும், இரண்டு வீட்டுக்கும் சமாதானம் ஆகிவிட்டதாகவும் ஊரில் பேசுகிறார்கள். போளிப் பெட்டி வந்தது. பிரிக்காமல், கொண்டுவந்த டிரைவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். சமாதானம் எதுவும் ஆகவில்லை.